கம்பளையில் நின்ற மேளம்

கொழும்பு ஹெவ்லொக் டவுன்வாசிகளுக்கு இசிபதனாராமய விகாரை நன்கு தெரிந்த இடம். 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஹென்றி பேத்ரிஸின் நினைவாக அவருடைய தந்தை கட்டுவித்தது அது. கொழும்பு நகரக் காவற்படை அதிகாரியாக இருந்த ஹென்றிக்கு அப்போது வயது 26. அந்த ஆண்டு சோனக முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தின்போது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்காக இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்தக் கலவரத்தின் மூலத்தைத் தேடினால் கம்பளைக்குப் போகவேண்டும்.

அங்கே அம்பகமுவ வீதியில், தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர் ஒரு பள்ளிவாசல் கட்டியிருந்தார்கள். வலஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா ஊர்வலம் போகும் பாதையும் அதுவே. பள்ளிவாசல் முன்னால் மேளம் கூடாது என்றார்கள் சோனகர். மேளமில்லாமல் பெரஹெரா ஏது என்றார்கள் தேவாலயத்தார். இரு பக்கமும் உண்மையான பக்திதான்.

1912இல் விவகாரம் அதிகாரிகள் கைக்குப் போனது. பள்ளிவாசலுக்கு அருகே மேளத்தை நிறுத்தவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். தேவாலய நிர்வாகத் தலைவரான பஸ்நாயக்க நிலமே பெரஹெராவையே நிறுத்திவிட்டு நீதிமன்றம் ஏறினார். பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் பேணுவதாக 1815 கண்டி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் பிரித்தானியர் வாக்களித்திருந்தார்கள். வழக்கின் அடித்தளம் அதுதான். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. பள்ளிவாசல் வென்றது, ஊர் தோற்றது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே 28, வெசாக் இரவு. கண்டி காசல் ஹில் வீதியில், பள்ளிவாசல் அருகே பக்திப்பாடல் குழுவுக்கும் சோனகருக்கும் மூண்ட மோதல் சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. உலகப் போரால் சாமான் விலை ஏறியிருந்த காலம். கடைக்காரர்மேல் இருந்த கோபமும் வியாபாரப் போட்டியும் மதத்தின் பெயரால் வெடித்தன. அரசாங்கக் கணக்கின்படி 25 சோனகர் கொல்லப்பட்டார்கள். 17 பள்ளிவாசல்கள் எரிந்தன. 4,000க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அதன் கொடுமையைச் சட்டசபையில் கண்டித்த பொன்னம்பலம் இராமநாதன், உடைமையும் உயிரும் இழந்த சோனகரின் துயரத்தைப் போதுமான அளவு பேசவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடம் நெடுங்காலம் நின்றது. பிரித்தானியர் நிழலே பாதுகாப்பு என்ற அரசியலும் அப்போதுதான் அவர்களிடம் வலுப்பெற்றது.

இதே சமூகம் பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழியில் நடந்திருந்தது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றுவதைப் பிரதம நீதியரசர் தடுத்தார். அந்த டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். தீர்மானம், மனு என்று போராடித் தொப்பிக்கான உரிமையைப் பெற்றார்கள். எந்த அயலவனுக்கும் அதனால் இழப்பில்லை.

இந்த இரண்டு வழிகளையும் எடைபோட மதீனாவைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்திய பள்ளியிலேயே பொது விவகாரங்களும் பேசித் தீர்க்கப்பட்டன. ஆகவே இஸ்லாத்தில் பக்தியும் அரசியலும் கலக்கலாமா என்பதை நான் கேள்வியாகவே எடுக்கவில்லை. எப்படிக் கலக்கின்றன என்பதே கேள்வி. மதீனா சாசனம் யூதக் குலங்களையும் உட்படுத்திய உடன்படிக்கை. அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்று அது ஏற்றுக்கொண்டது. கம்பளையில் இருந்தவை அதிகாரியின் உத்தரவும் நீதிமன்றத் தீர்ப்பும் மட்டுமே. அயலவனின் சம்மதத்தோடு கிடைத்த உரிமை நிலைக்கும். ஆள்பவன் தூக்கிக் கொடுத்த உரிமைக்கு, அவன் முகம் திரும்பும் நாளில் காவலில்லை.

பாங்கொலி, பிரித் ஓதல், கோயில் திருவிழா என்று நம் ஊர்களில் இன்றும் சச்சரவுகள் எழத்தான் செய்கின்றன. பொலிஸுக்கு முறைப்பாடு எழுதுமுன் எதிர்த்தரப்பின் வாசலுக்கு ஒருதரம் போய்ப் பேசுங்கள்.