வாக்கியக் கணிதமும் கிரேக்க வானியலும்

வாக்கியக் கணிதம் என்பது ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் நிலைகளை மனப்பாடம் செய்த வாக்கியங்களின் துணையுடன் கணிக்கும் தென்னிந்திய வானியல் முறை ஆகும். தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கங்கள் இதனையே பின்பற்றுகின்றன. பண்டைய பாபிலோனிய, கிரேக்க வானியல் கூறுகள் அண்மைக்காலம் வரை வழக்கில் நீடித்தமைக்கு இம்முறை ஒரு சான்றாகக் காட்டப்படுகிறது.

கணிப்பு முறை

திங்கள் புவிக்கு அருகில் இருக்கும்போது விரைவாகவும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் நகர்கிறது. அண்மை நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகும். இத்தகைய 9 சுற்றுகள் ஏறத்தாழ 248 நாட்களிலும், 110 சுற்றுகள் 3031 நாட்களிலும் நிறைவுறும். எனவே 248 நாட்களுக்குரிய மதிப்புகளை அறிந்தால் போதுமானது. இவை எழுத்துகளுக்கு எண் மதிப்பு அளிக்கும் கடபயாதி முறையில் 248 வாக்கியங்களாக அமைக்கப்பட்டன. கணிப்பவர் கடந்த நாட்களின் எண்ணிக்கையிலிருந்து பெரிய சுழற்சிகளை முதலில் கழிப்பார். கழித்த ஒவ்வொரு சுழற்சிக்கும் உரிய மாறிலியையும், எஞ்சிய நாளுக்குரிய வாக்கியத்தின் மதிப்பையும் கூட்டுவார்.

1825 சந்திர கிரகணம்

ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்னும் ஆங்கில நூலில் இம்முறையைப் பதிவு செய்தார். புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிப்பாளர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டு மே 31 - சூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் மட்டுமே பிழை இருந்தது.

கிரேக்கத் தொடர்பு

வானியல் வரலாற்றாளர் ஆட்டோ நியூகெபாவர் 1952இல் 'தமிழ் வானியல்' என்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 248, 3031 ஆகிய அதே நாட்சுழற்சிகள், உரோமானியர் ஆட்சிக்கால எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பாப்பிரசு ஏடுகளிலும் உள்ளன. 248 நாள் சுழற்சி அதற்கும் முந்தைய பாபிலோனிய களிமண் பலகைகளில் காணப்படுகிறது. இந்தியாவில் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் 'பஞ்சசித்தாந்திகா' இச்சுழற்சிகளைக் குறிப்பிடுகிறது. அந்நூல் தொகுத்துரைக்கும் ஐந்து சித்தாந்தங்களுள் ஒன்றின் பெயரே 'ரோமகம்' என்பதாகும். ஓரை, கேந்திரம் ஆகிய சொற்களும் கிரேக்க மூலம் உடையவை.

இந்திய வளர்ச்சி

இத்தொடர்பைக் கொண்டு வாக்கியக் கணிதத்தை வெறும் இரவல் எனக் கொள்ள இயலாது. வாக்கிய வடிவமும் கடபயாதிக் குறியீடும் இந்தியாவில் உருவானவை. கேரளத்தின் சங்கமகிராம மாதவர் 14ஆம் நூற்றாண்டில் திங்களின் வாக்கியங்களை மேலும் துல்லியமாக்கினார். கிரேக்கரும் தம் வானியல் தரவுகளில் பலவற்றைப் பாபிலோனியரிடமிருந்தே பெற்றனர். தாலமியின் நூல் அரபு மொழி வழியாக ஐரோப்பாவை அடைந்து கோப்பர்னிக்கசுக்கு அடிப்படையானது போல, அதே மரபின் மற்றொரு கிளை தமிழகத்தில் மனப்பாடமாக நிலைபெற்றது எனலாம்.