ஜோ லூயிஸ் கொடுத்த பணம்



"பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்றும் கேட்டிருக்கிறோம். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒருவர் தம் சக்திக்கு மீறி நன்கொடை எழுதிவிட்டால், மறுநாள் காலைப் பெரட்டிலேயே இந்த இரண்டு பழமொழிகளில் ஒன்று அவர் காதில் விழும். கொடுப்பவரைக் குறை சொல்வது நியாயந்தானா? முன்பின் அறியாதவர்களுக்குக் கொடுத்து, அதற்காகவே பேச்சுக் கேட்ட ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை வைத்து இந்தக் கேள்வியை இன்று ஆராய்ந்து பார்ப்போம்.

அவர் பெயர் ஜோ லூயிஸ். அமெரிக்கக் கறுப்பினத்தைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர். 1937ஆம் ஆண்டு ஹெவிவெயிட் பிரிவில் உலக வீரர் பட்டத்தை வென்று, 25 முறை அதைக் காத்து, 1949இல் தோல்வி காணாமலே அதை விட்டு இறங்கியவர். வானொலிப் பெட்டியைச் சுற்றி மக்கள் கூட்டங் கூட்டமாக உட்கார்ந்து குத்துச்சண்டை வர்ணனை கேட்ட காலம் அது.

ஜோ லூயிஸ் 1914ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் பருத்திக் காட்டை வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். நிலம் வேறொருவருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் ஒரு பங்கு கூலி. விதைக்கும் உரத்துக்கும் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் கடனாக வாங்கியதை அறுவடைக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். கழித்தது போக மிஞ்சுவது பல வருடங்களில் ஒன்றுமிராது. கடைப் பற்றுப் புத்தகத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1926இல் அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடி டெட்ராயிட் நகருக்குப் போயிற்று. 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் அங்கும் வேலை போயிற்று. சில காலம் நகராட்சியின் ஏழை நிவாரணப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

1935இல், குத்துச்சண்டையில் கையில் நாலு காசு சேர்ந்தவுடனே, அந்த நிவாரணத் தொகையைக் கணக்குப் பார்த்து நகராட்சிக்குத் திருப்பிக் கட்டினார் லூயிஸ். முந்நூறு வெள்ளிக்கு உட்பட்ட தொகைதான், கடனாக வாங்கியதுமன்று. இருந்தும் கட்டினார். பின்னால் வரப்போகிற கதைக்கு இந்தச் சிறு சம்பவம் முக்கியம். பிறர் கைப் பணம் தம்மிடம் தங்கக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. தம் கைப் பணமும் தங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி 1941 டிசம்பருக்கு வருவோம். அந்த மாதத்தை நம் நாட்டு முதியவர்கள் மறந்ததில்லை. டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு கடந்து ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. ஏறத்தாழ அதே நேரத்தில்தான், ஹவாய்த் தீவின் கணக்குப்படி 7ஆம் தேதி காலையில், பெர்ல் துறைமுகத்தில் இருந்த அமெரிக்கக் கடற்படையை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. 2,400 பேருக்குமேல் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கடற்படையினர்.

மாண்டவர்களின் மனைவி மக்களுக்கு உதவ கடற்படை நிவாரணச் சங்கம் என்ற ஓர் அமைப்பு இருந்தது. அதற்கு நிதி சேர்க்க ஒரு பட்டப் போட்டி ஏற்பாடாகியது. 1942 ஜனவரி 9ஆம் தேதி, நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில், லூயிஸ் படி பேர் என்ற வீரரை எதிர்த்தார். அந்த நாட்களில்தான் இங்கே சிலிம் ரிவர் போரில் பிரிட்டிஷ் தற்காப்பு உடைந்து, ஜப்பானியர் கோலாலம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தனர். 11ஆம் தேதி நகரம் அவர்கள் கையில் விழுந்தது.

படி பேர் ஆறரை அடி உயரம். எடை 250 ராத்தல். சும்மா பேருக்கு நிறுத்திய ஆளில்லை. முந்திய மே மாதம் நடந்த போட்டியில் லூயிஸை ஒரே குத்தில் கயிற்றுக்கு வெளியே தள்ளியவர். அப்படிப்பட்டவரோடு மோதி, தோற்றால் பட்டம் போகும், ஜெயித்தால் பணம் வராது என்ற நிலையில் லூயிஸ் மேடையேறினார். முதல் சுற்றிலேயே எதிரியை வீழ்த்தினார். அவருடைய பங்காகிய சுமார் 47,000 அமெரிக்க வெள்ளி நிவாரணச் சங்கத்துக்குப் போயிற்று. அடுத்த சில நாட்களில் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 21 வெள்ளி. மார்ச் 27ஆம் தேதி ஏப் சைமனோடு மோதி, தம் பங்கான சுமார் 36,000 வெள்ளியை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அந்தப் போட்டிக்குத் தம் சொந்தப் பணத்தில் நுழைவுச் சீட்டுகள் வாங்கிச் சிப்பாய்களுக்கும் வழங்கினார்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் வெள்ளையர் அல்லர். லூயிஸின் சொந்த மக்கள்.

அன்றைய அமெரிக்கக் கடற்படையில் கறுப்பின இளைஞன் சேர்ந்தால் அவனுக்குக் கிடைத்த வேலை ஒன்றே ஒன்று: உணவறைப் பணியாள். அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, தட்டுக் கழுவுவது, படுக்கை விரிப்பது, சப்பாத்துத் துடைப்பது. பீரங்கியைத் தொடும் பயிற்சி அவனுக்கில்லை. பெர்ல் துறைமுகத் தாக்குதலின்போது மேற்கு விர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் டோரிஸ் மில்லர் என்ற பணியாள் இருந்தார். டெக்சாஸ் மாநிலத்துக் குடியானவர் மகன். அந்தக் கப்பலின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரரும் அவரே. காயம்பட்ட கேப்டனைத் தூக்கிச் செல்ல உதவிவிட்டு, தாம் ஒருநாளும் பயிலாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். பல வாரங்கள்வரை அவர் பெயர்கூட வெளியே வரவில்லை. யாரோ ஒரு கறுப்பினப் பணியாள் என்றுதான் செய்தி வந்தது. கறுப்பினப் பத்திரிகைகள் விடாமல் கேட்ட பிறகுதான் 1942 மார்ச்சில் பெயர் தெரிந்தது. மே மாதத்தில் கடற்படைச் சிலுவை விருது அவர் நெஞ்சில் குத்தப்பட்டது. 1943 நவம்பரில் வேறொரு கப்பல் மூழ்கியபோது அவர் மாண்டார்.

இப்படிப்பட்ட கடற்படைக்கா நம் வீரர் தம் இரத்தத்தையும் வியர்வையையும் காசாக்கிக் கொடுப்பது என்று சிலர் கேட்டனர். நம் பிள்ளைகளைச் சமையற்கட்டுக்கு அப்பால் விடாதவர்களுக்கு நம் ஆளின் பணம் மட்டும் இனிக்கிறதா என்பது அவர்கள் கேள்வி. பாத்திரம் அறிந்து இடு என்பதுதான் இதுவும்.

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். அவமதிப்பவனுக்குக் கொடுக்கும் கொடை, அவமதிப்பை மறைக்கும் திரையாகிவிடலாம். ஆனால் யாரிடம் கேட்பது என்பதில்தான் நமக்கு ஒரு தயக்கம். பணம் போய்ச் சேர்ந்தது தளபதிகளின் சட்டைப்பைக்கு அன்று. தகப்பனை இழந்த குழந்தைகளுக்கும் கணவனை இழந்த பெண்களுக்கும். உணவறைப் பணியாளரைத் தாழ்த்தி வைத்த சட்டத்தை அந்தக் குழந்தைகள் எழுதவில்லை, லூயிஸும் எழுதவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாஷிங்டன் அலுவலகங்களில் இருந்தார்கள்.

லூயிஸ் பேச்சாளர் அல்லர். நாட்டில் எத்தனையோ குறைகள் உண்டு, ஹிட்லர் வந்து அவற்றைத் தீர்த்துவைக்கப் போவதில்லை என்ற கருத்தை மட்டும் அவர் சொன்னதாகக் கூறுவர். ஆனால் அவர் கொடுத்தது மற்றவர்களைப் பேசவைத்தது. ஜனவரி 9ஆம் தேதி இரவு அந்த மேடையில் நின்ற வெண்டெல் வில்கி, 1940 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்டவர், இந்த மனிதரைப் பார்த்த பிறகும் ஓர் அமெரிக்கர் இன வேற்றுமையை எப்படி நினைக்க முடியும் என்ற பொருளில் கூட்டத்தின் முன் பேசினார். அதே ஏப்ரலில், கறுப்பினத்தவரை வேறு பணிகளுக்கும் சேர்த்துக்கொள்வதாகக் கடற்படை அறிவித்தது. ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பெரிய கப்பல்களில் இடமில்லை, கரை வேலைதான். பத்திரிகைகளும் சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன் அது. ஒரு குத்துச்சண்டையின் பலன் என்று சொன்னால் அந்தப் போராட்டக்காரர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். கேள்வி கேட்டவர்களும் வேண்டியிருந்தார்கள், கொடுத்தவரும் வேண்டியிருந்தார். ராணுவத்தில் கறுப்பு, வெள்ளை என்று படைகளைப் பிரித்து வைத்த வழக்கத்தை ஒழிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டது 1948 ஜூலையில்.

லூயிஸ் மௌனமாகவே இருந்துவிட்டார் என்றும் எண்ணிவிடக்கூடாது. ராணுவ முகாமில் ஜாக்கி ராபின்சன் முதலிய கறுப்பின இளைஞர்களுக்கு அதிகாரிப் பயிற்சி கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், மேலிடத்தில் தமக்கிருந்த செல்வாக்கைப் பயன்படுத்திக் கதவைத் திறக்க உதவினார். அந்த ராபின்சன்தான் 1947இல் அமெரிக்க முதல்தரப் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்தவர். 1944இல் அலபாமா முகாம் ஒன்றில் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளையர் பக்கத்து இருக்கையை விட்டு நகர மறுத்ததற்காக ராணுவப் போலீசார் லூயிஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாட்டுக்கு 80,000 வெள்ளிக்குமேல் கொடுத்தவருக்கு உட்கார ஒரு பெஞ்சில்லை.

இரண்டாவது பழமொழிக்கு வருவோம். தனக்கு மிஞ்சியதையா லூயிஸ் கொடுத்தார்? இல்லை. கைநீட்டியவருக்கெல்லாம் கொடுத்தார். நண்பர்கள், நண்பரென்று சொல்லிக்கொண்டவர்கள், தெருவில் நின்றவர்கள் என்று வேற்றுமை பார்க்கவில்லை. கோல்ப் பந்தயத்திலும் பெருந்தொகையை விட்டார். நடத்தத் தெரியாத வியாபாரங்களிலும் விட்டார். போர்க்காலத்தில் போட்டி ஏற்பாட்டாளரிடம் கடன் வாங்கியே குடும்பம் நடந்தது. 1946இல் பில்லி கானோடு மோதிக் கிடைத்த பணம், ஏறத்தாழ ஆறு லட்சம் வெள்ளி, பழைய கடனிலும் மானேஜர்களின் பங்கிலும் கரைந்தது. வரி மட்டும் கரையவில்லை. வட்டியோடு வளர்ந்து 1950ஆம் ஆண்டுகளில் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டியது. நிவாரணத்துக்குக் கொடுத்த பணத்துக்கும் வரி கேட்டார்கள் என்று பரவலாகச் சொல்வதுண்டு. கதையைக் கேட்டால் மனம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கடனின் பெரும்பகுதிக்குக் காரணம் தானமன்று, கணக்கு வைக்காமைதான் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

கடனை அடைக்க, ஓய்வு பெற்ற வீரர் மறுபடியும் மேடையேறினார். 1951 அக்டோபரில், 37ஆம் வயதில், ராக்கி மார்சியானோவின் குத்தில் எட்டாம் சுற்றில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். 1953இல் தாயார் இறந்தபோது மகனுக்கு விட்டுச்சென்ற 660 வெள்ளியையும் வரி அலுவலகம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்காக ஒதுக்கி வைத்திருந்த நிதியும் தப்பவில்லை. 1956இல் காசுக்காக மல்யுத்தக் கூடாரத்திலும் இறங்கினார்.

லூயிஸைக் குறைசொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டென்றால், நம் எண்ணத்தில் அது இங்கேதான் வருகிறது. பத்திரிகைக்காரர்களுக்கன்று, வரிக்காரர்களுக்கன்று, அந்தப் பிள்ளைகளுக்கு. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த கை, வீட்டில் எடுத்து வைக்க மறந்தது. சம்பள நாள் இரவில் நண்பர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தகப்பனை "தங்கமான மனுசன்" என்று லயமே புகழும். அவன் மனைவி என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. லூயிஸையும் அந்தத் தகப்பனையும் ஒரே தராசில் நிறுத்த நாம் துணியமாட்டோம். 1942இல் அவர் கொடுத்தது வெறும் கைத்தாராளமன்று, உயிரையும் பட்டத்தையும் பணயம் வைத்த கொடை. ஆனாலும் ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பழைய கடனுக்காக அவரை நெருக்காமல், சம்பாதிக்கிற வருமானத்துக்கு மட்டும் வரி வாங்கிக்கொள்ள அரசு இசைந்தது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் நகரின் பெரிய சூதாட்ட விடுதி ஒன்றில், வருகிறவர்களை வரவேற்றுக் கைகுலுக்குவது அவர் வேலையாக இருந்தது. 1981 ஏப்ரல் 12ஆம் தேதி, 66ஆம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்ய விதிப்படி அவருக்குத் தகுதியில்லை. அதிபர் ரீகன் அந்த விதியைத் தளர்த்தினார்.

இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பகுதியை ஏற்றவர் என்று சொல்லப்படுபவர் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். 1936இல் லூயிஸை வீழ்த்தியவர். 1938இல் 124 விநாடிகளில் லூயிஸிடம் வீழ்ந்தவர். போரில் எதிர்ப்பக்கத்துப் பாராசூட் படையில் இருந்தவர். பிற்காலத்தில் வியாபாரத்தில் செழித்த அவர், லூயிஸ் உயிரோடிருந்தபோதும் நண்பராக வந்து பார்த்துப் பணம் கொடுத்து உதவியிருக்கிறார்.