மணியும் முத்தும் இனங்காணல்: மரக்காணம் – அரிக்கமேடு கரை

கையிலிருப்பது கல்லா கண்ணாடியா, முத்து தானாக விளைந்ததா வளர்த்ததா என்பதை அளவீட்டால் தீர்மானிக்கும் துறை மணியியல். அதன் சோதனைகளை விளக்க மரக்காணம் – அரிக்கமேடு கரை ஏற்ற இடம். விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் இன்று உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் கிரேக்கப் பயண நூலான பெரிப்ளஸ் குறிக்கும் சோபட்மா துறையும் இந்த ஊரே என்பர் ஆய்வாளர் பலர். இங்கிருந்து தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் அரிக்கமேடு இருக்கிறது. இந்தக் கரையில் மணித்தொழில் செழித்த இடம் அதுதான்.

1945இல் மார்ட்டிமர் வீலரும், அடுத்து ழான்-மாரி கசாலும், 1989–92இல் விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், படிகம், கார்னெட் ஆகியவற்றோடு கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. இழுத்த கண்ணாடிக் குழாயை நறுக்கிச் செய்த சிறுமணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார்.

சிவந்த கண்ணாடியும் கார்னெட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். செவ்வந்திக்கல் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும், கண்ணாடி பிரிக்காது என்பதால் அந்த இரண்டையும் பிரித்தறிவது எளிது. கார்னெட்டோ கண்ணாடியைப் போலவே ஒளியைப் பிரிக்காத கல். அங்கே எடைதான் கைகொடுக்கும். காற்றில் ஒருமுறை, நீரில் ஒருமுறை நிறுத்தால் ஒப்படர்த்தி தெரிந்துவிடும். கார்னெட்டுக்கு அது ஏறத்தாழ 3.5 முதல் 4.3 வரை, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 2.5.

இதே கணக்கு உப்பளத்திலும் உண்டு. பாத்தியில் நீர் வற்றி, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானி சுமார் 25 டிகிரி காட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அந்த நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.2. மரப்பிசின் கல்லான அம்பரைச் சோதிக்க மணியியலார் இத்தகைய செறிந்த உப்புநீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அம்பர் மிதக்கும், அதைப்போலச் செய்த பேக்கலைட் என்னும் நெகிழி மூழ்கும். உப்பும் தண்ணீரும் இருந்தால் போதும் என்பதால், நான் மிகவும் மதிக்கும் சோதனை இது.

அளவீட்டுக்கு முன்பு கண்ணே கருவியாக இருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைவீதியில் நவமணிகளின் வகைகளையும் குற்றங்களையும் விரிக்கிறது. திருவிளையாடற் புராணத்தின் மாணிக்கம் விற்ற படலத்தில் சிவபெருமானே வணிகராக வந்து மணியிலக்கணம் சொல்கிறார். நிறமும் ஒளியும் குற்றமும் பார்க்கும் அந்த அறிவு கூர்மையானது. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயில் செயற்கை மாணிக்கத்தை அறிவித்தபின் அது மட்டும் போதவில்லை. செயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும் என்பது உருப்பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

முத்தின் கதை இன்னும் கடினம். ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தையைக் கலக்கியதால் 1925இல் லண்டனில் தனி ஆய்வுக்கூடமே தோன்றியது. இயற்கை முத்தை ஊடுகதிரில் பார்த்தால் வெங்காயத் தோல் போன்ற அடுக்குகள் தெரியும். வளர்ப்பு முத்தில் உள்ளே வைத்த சிப்பி உருண்டையின் எல்லை தெரியும். முத்தின் மென்னிறங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதை சி. வி. ராமன் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் 1954இல் ஆராய்ந்தார். முத்தின் கனிமமான அரகோனைட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி படும்போது நிகழ்வதே அது. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவு இன்று கல்லை உடைக்காமலே அதன் கனிமத்தைச் சொல்லும் கருவியாகிவிட்டது. தமிழ் மண்ணில் பிறந்தவரின் பெயர் உலக மணி ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் ஒலிப்பது பெருமைக்குரியது.

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் 1961க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி முழு உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார். ஆகவே இன்று இயற்கை முத்து என்று விலை கொடுத்து வாங்குவோர் ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்டே வாங்க வேண்டும்.

அரிக்கமேட்டில் மழைக்குப் பின் மண்மேல் மணி தெரிந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடர்த்தியையும் ஒளிவிலகலையும் எந்த ஆய்வுக்கூடத்திலும் அளக்கலாம். அது எந்த மண்ணடுக்கில், எதனருகே கிடந்தது என்பதை அங்கிருந்து எடுத்தபின் யாராலும் அளக்க முடியாது. இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.