துபாஷி வைத்துக்கொண்ட கணிப்பொறி

மாதுங்காக் கடைத்தெருவில் மராத்தியில் விலை பேசிவிட்டு, வீடு திரும்பித் தமிழில் கணக்கெழுதுவது மும்பைத் தமிழர்க்குப் பழகிய வாழ்க்கை. நம் மேசை மீதுள்ள கணிப்பொறிக்கும் அத்தகைய இருமொழி வாழ்வு வாய்த்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதில் நம் கட்டளையைப் பெற்று நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அன்றாடம் இடவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால், ஷெல் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்து முடிக்கும். அக்கோப்பே ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படுவது.

இந்த யூனிக்ஸ் நம் நகருக்கு அந்நியமன்று. எர்நெட் வலையமைப்பு 1986-87-இல் தன் அஞ்சல் சேவையைத் தொடங்கியது, யூனிக்ஸ் பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள எழுந்த யூ.யூ.சி.பி. முறையில்தான். அம்முயற்சியில் ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் அதன் இயக்குநர் எஸ். ரமணிக்கும் சிறப்பான பங்குண்டு.

ஆயினும், அலுவலக மேசைகளை ஆண்டது விண்டோஸ். அதன் பேச்சு வேறு. கோப்புகளின் பட்டியல் வேண்டுமெனில் யூனிக்ஸில் 'எல்எஸ்' என்போம். டாஸ் வழிவந்த கட்டளைச் சாளரத்துக்கோ 'டிர்' என்றால்தான் விளங்கும். ஓரிடத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் மற்றோரிடத்தில் வெறும் எழுத்துக்குவியல்.

1995-இல் சிக்னஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் சேம்பர்லின் 'சிக்வின்' என்னும் வேலையைத் தொடங்கினார். யூனிக்ஸ் நிரல் கேட்பதை விண்டோஸ் அறிந்த அழைப்புகளாக மாற்றித் தரும் நூலகம் ஒன்றை அவர் இடையில் நிறுத்தினார். அந்நாளைய சென்னைத் துபாஷிகள் செய்த தொழிலே இது! பிற நிரல்களை மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. ஸ்கிரிப்டுகளோ பெரும்பாலும் எழுதியபடியே ஓடின. 2016-இல் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்குள் லினக்ஸ் துணையமைப்பைக் கொண்டுவந்தது. 2019-இல் வெளிப்பட்ட அதன் இரண்டாம் பதிப்பு லினக்ஸின் கருவையே உள்ளே குடிவைத்தமையால், துபாஷிக்கு வேலை குறைந்தது.

ஒரு பழைய வழக்கம் மட்டும் போகவில்லை. தொலைத்தட்டச்சுப் பொறியில் வரி முடிந்தால், அச்சுமுனை இடப்புறம் திரும்ப ஒரு குறியும், தாள் நகர மற்றொரு குறியும் தேவைப்பட்டன. விண்டோஸ் இரண்டையும் காத்துவந்தது. யூனிக்ஸ் ஒன்றே போதும் என்றது. செம்பூர் வீட்டில் விண்டோஸின் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை, மாதக் கடைசியில் நாம் அலுவலகத்து லினக்ஸ் பொறிக்குக் கொண்டு சென்றோம். 'அப்படியொரு கோப்பு இல்லை' என்றே விடை வந்தது. கோப்போ கண்ணெதிரே இருந்தது! எந்த ஷெல்லை அழைப்பது என்று கூறும் முதல் வரியின் கடைசியில் அந்தப் பழைய குறி ஒட்டிக்கொண்டிருக்க, பொறி இல்லாத பெயரொன்றைத் தேடியிருக்கிறது. 'டாஸ்டுயூனிக்ஸ்' என்னும் ஒரே கட்டளை அதைக் கண்ணிமைப்பொழுதில் நீக்கிற்று. அதை நாம் கண்டறிவதற்குள் செம்பூருக்குச் செல்லும் கடைசி ஹார்பர் வண்டி போய்விட்டிருந்தது.