தேடுவோர் நோக்கம்: நூலகம் முதல் தேடுபொறி வரை

பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் ஒரு மாணவர், "சார், சக்கரை பத்தி புஸ்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். சர்க்கரை ஆலைகளைப் பற்றிய நூலை எடுத்து நீட்டினேன். "இது இல்ல சார், அப்பாவுக்கு சுகர் வந்திருக்கு. என்ன சாப்பிடலாம்னு பார்க்கணும்" என்றார். சொல் ஒன்றுதான், நோக்கம் வேறு. இந்த வேறுபாட்டை அறிஞர்கள் ஆராய்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. உடனே விடை தரக்கூடிய கேள்வி, நெடுநேரம் தேட வேண்டிய கேள்வி என்று அவர் வகை பிரித்தார். 1962இல் நம் பெங்களூரிலேயே நூலகவியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். அமெரிக்காவில் ராபர்ட் டெய்லர் 1968இல் இன்னும் ஆழமாகப் போனார். மனத்தில் தோன்றும் தேவை நான்கு நிலைகளைக் கொண்டது. வாய்விட்டுக் கேட்பது கடைசி நிலை. அதுவும், என்ன கிடைக்கும் என்று நினைக்கிறோமோ அதற்கேற்பச் சுருங்கியது என்றார்.

1995இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறி வந்தது. அங்கே "எதுக்குப்பா கேக்கறே?" என்று திருப்பிக் கேட்க ஆளில்லை. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்ட்ரே பிராடர், 2002இல் வெளியிட்ட கட்டுரையில் தேடல்களை மூன்றாகப் பிரித்தார். வங்கியின் பெயரைத் தட்டுபவர் அதன் தளத்துக்குப் போக நினைக்கிறார். டெங்கு அறிகுறி என்று தட்டுபவர் விவரம் அறிய விரும்புகிறார். ரயில் டிக்கெட் என்று தட்டுபவருக்குக் காரியம் நடக்க வேண்டும்.

அவர் கண்ட கணக்கு கவனிக்கத்தக்கது. 400 தேடல்களின் சொற்களை மட்டும் பார்த்தபோது 48 விழுக்காடு விவரம் அறியும் தேடல்களாகத் தோன்றின. பயனாளர்களிடமே கேட்டு மதிப்பிட்டபோது அது 39 விழுக்காடாகக் குறைந்தது. 2008இல் ஜான்சனும் மற்றவர்களும் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்களைக் கணினியைக் கொண்டே வகைப்படுத்தியபோதோ 80 விழுக்காடு வந்தது. சொல்லை மட்டும் பார்த்தால் ஆளின் நோக்கம் பிடிபடாது என்பதே இதன் பொருள் எனலாம்.

அப்படியானால் ஒருவரின் பழைய தேடல்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்? நோக்கம் தெரியும், ஆளும் தெரிந்துவிடும். 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் சுமார் இரண்டு கோடித் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள், தேடிய சொற்களை வைத்தே ஒரு மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

தேடுவோர் மனத்தை அறிவது நல்ல சேவைதான். நாங்களும் அதைத்தான் செய்தோம், நேருக்கு நேர் கேட்டு. ஆனால் அந்தப் பையன் ஏன் கேட்டான் என்று எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை.