ஐரிய உடன்படிக்கைப் பிளவு

ஐரிய உடன்படிக்கைப் பிளவு என்பது 1921 ஆம் ஆண்டின் ஆங்கில-ஐரிய உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியால் ஐரியத் தேசியவாதிகளிடையே ஏற்பட்ட பிரிவைக் குறிக்கும். இது 1922-1923 இல் உள்நாட்டுப் போராக மாறியது. அயர்லாந்துக் குடியரசின் ஃபியனா ஃபோயில், ஃபினா கேல் ஆகிய இரு கட்சிகளும் இப்பிளவிலிருந்தே தோன்றின.

பின்னணி

1918 பொதுத் தேர்தலில் சின் ஃபெயின் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இடங்களை வென்றது. அதன் உறுப்பினர்கள் இலண்டன் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து, ஜனவரி 21, 1919 அன்று டப்ளினில் டொயில் என்னும் தனி அவையைக் கூட்டி விடுதலையை அறிவித்தனர். தொடர்ந்து நிகழ்ந்த விடுதலைப் போர் ஜூலை 1921 இல் போர்நிறுத்தத்துக்கு வந்தது.

உடன்படிக்கையும் விவாதமும்

டிசம்பர் 6, 1921 அன்று ஆர்தர் கிரிபித், மைக்கேல் கொலின்ஸ் உள்ளிட்ட ஐரியப் பேராளர்கள் இலண்டனில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். இதன்படி அயர்லாந்து முழுக் குடியரசாகாமல், கனடாவைப் போன்ற மேலாட்சி நாடாகியது. டொயில் உறுப்பினர்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. இது முழு விடுதலைக்கான ஒரு படி என்றார் கொலின்ஸ். ஏற்கனவே அறிவிக்கப்பட்ட குடியரசைக் கைவிடும் செயல் என எதிர்த்தார் ஏமன் டி வலேரா.

வடக்கின் ஆறு மாவட்டங்கள் உடன்படிக்கைக்கு முன்னரே, 1921 மே மாதத்தில், வட அயர்லாந்தாகப் பிரிக்கப்பட்டிருந்தன. எனினும் டொயில் விவாதத்தில் நாட்டுப் பிரிவினையை விட உறுதிமொழியே பெரிதும் பேசப்பட்டது. உடன்படிக்கையில் கூறப்பட்ட எல்லை ஆணையம் இச்சிக்கலைத் தீர்க்கும் எனப் பலர் நம்பியது இதற்கு ஒரு காரணமாகும். ஆனால் 1925 இல் எல்லை மாற்றமின்றியே உறுதி செய்யப்பட்டது.

ஜனவரி 7, 1922 அன்று 64க்கு 57 என்ற வாக்குகளில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. டி வலேரா பதவி விலகினார்.

உள்நாட்டுப் போர்

எதிர்ப்பாளர்கள் கைப்பற்றியிருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டிடத்தின் மீது ஜூன் 28, 1922 அன்று அரசுப் படை பீரங்கித் தாக்குதல் நடத்தியதுடன் போர் தொடங்கியது. ஆகஸ்ட் 22 இல் கொலின்ஸ் பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். சிறைப்பட்ட எதிர்ப்பாளர்களில் 70க்கும் மேற்பட்டோருக்கு அரசு மரண தண்டனை நிறைவேற்றியது. விடுதலைப் போரின்போது பிரித்தானியர் நிறைவேற்றிய மரண தண்டனைகளை விட இது அதிகமாகும். மே 1923 இல் போர் ஓய்ந்தாலும், முன்னாள் தோழர்களிடையே மூண்ட பகை தலைமுறைகளுக்கு நீடித்தது.

கட்சிகள்

டி வலேரா 1926 இல் ஃபியனா ஃபோயில் கட்சியைத் தொடங்கினார். 1927 இல் அக்கட்சியினர் உறுதிமொழியை வெறும் சடங்கெனக் கூறிக் கையெழுத்திட்டு அவைக்குள் நுழைந்தனர். 1932 இல் ஆட்சிக்கு வந்த பின், 1933 இல் அதனை நீக்கினர். அதே ஆண்டில், உடன்படிக்கை ஆதரவாளர்களின் கட்சி வேறு சில அமைப்புகளுடன் இணைந்து ஃபினா கேல் ஆனது. 1949 இல் அயர்லாந்து முழுக் குடியரசாகியது. பிளவுக்கு வித்திட்ட காரணங்கள் இவ்வாறு மறைந்த பின்னரும், இவ்விரு கட்சிகளும் 2020 வரை கூட்டாக அரசமைக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பசுமைக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு முதன்முறையாகக் கூட்டணி ஆட்சி அமைத்தன.