மருந்துக் கிடங்கின் பாஸ்புக்

அரசு வேலையில் புதுமை என்றதும் இதுவரை எவரும் காணாத ஒன்றைத் தேடுகிறோம். அந்தக் கண்ணோடு பார்த்தால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் எதுவும் தேறாது. 1994 ஜூலையில் பதிவாகி, 1995 ஜனவரியில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் வேலையைத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. டெண்டர், மொத்தக் கொள்முதல், கிடங்கு, கணினி எல்லாம் அதற்கு முன்பே இருந்தவை. ஆனாலும் சுதந்திர இந்தியாவின் மிகச் சிறந்த நிர்வாகப் புதுமைகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். எந்த முடிவை யார் எடுப்பது என்பதை அது மாற்றி அமைத்தது. ஒரு திட்டத்தின் புதுமையை எடைபோட அதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் மருத்துவமனைகள் பட்டியல் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். கேட்டது ஒன்று, வந்தது வேறு. ஓரிடத்தில் மருந்து காலாவதியாகிக் கிடக்க, பக்கத்து ஊரில் நோயாளி வெளிக்கடைக்குச் சீட்டோடு போவார். கழகம் விலை பேசும் வேலையை மட்டும் சென்னையில் வைத்துக்கொண்டு, இடைத்தரகர் இல்லாமல் உற்பத்தியாளர்களிடமே பொதுப்பெயரில் மருந்தை வாங்கியது. எதில் எவ்வளவு வேண்டும் என்ற முடிவு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போனது. அதற்கான கருவி ஒரு பாஸ்புக். அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு அதில் ரூபாயாக வரவு வைக்கப்படும். மருந்தாளுநர் மாவட்டக் கிடங்குக்கு வந்து தேவையானதை எடுப்பார். எடுத்த மருந்தின் மதிப்பு கழியும், மீதி கண்ணெதிரே நிற்கும். பாம்புக்கடி அதிகமுள்ள ஊரும் கொசுத்தொல்லை அதிகமுள்ள ஊரும் ஒரே மூட்டையை வாங்க வேண்டியதில்லை.

விலை குறைந்தவருக்கே டெண்டர் என்றால் தரம் கெடுமே என்பது நியாயமான அச்சம். கழகமும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறை பிரிக்கப்படாது. கிடங்குக்கு வந்த மருந்தின் மாதிரி, தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, வெறும் குறியீட்டோடு ஆய்வகம் போகும். யாருடைய மாத்திரை என்று தெரியாதவரிடம் யாரும் சிபாரிசுக்குப் போக முடியாது. தரமற்ற மருந்தே வராது என்று இதற்குப் பொருளில்லை. வந்தால் பிடிபட வழி உண்டு என்பதுதான் பொருள். பற்றாக்குறைக்கும் இதையே சொல்வேன். சில மருந்துகள் இன்றும் தீர்ந்துபோகின்றன. ஆனால் முன்பு அது நோயாளிக்கு மட்டுமே தெரிந்த துயரம். பின்னர் கிடங்கின் கணக்கிலேயே தெரிந்தது.

இதெல்லாம் முதல் மேலாண்மை இயக்குநர் பூரணலிங்கத்தின் தனித்திறமை, முறையின் சிறப்பு இல்லை என்று வாதிடலாம். தொடக்கத்தில் அவர் காட்டிய உறுதியைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் தனிமனிதத் திறமை மட்டுமே என்றால் அவர் போனதும் கதை முடிந்திருக்கும். மாறி மாறி வந்த ஆட்சிகள் இதைக் கலைக்கவில்லை. கேரளம் 2008இல் இதே வழியில் தன் கழகத்தை இயக்கத் தொடங்கியது. ராஜஸ்தான் 2011இல் ஒரு கழகம் அமைத்து, அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கொடுத்தது.